கொடியேற்றத்துக்குள் ஒரு விமானம்

மங்களம்: நன்னா அழுத்தி உட்காருங்கோ. சும்மா தொட்டுண்டு நின்னா காத்து வராது.

சாம்பமூர்த்தி: உட்கார்ந்துண்டுதான் இருக்கேன். லாரி டியூப் மேல உட்கார்ந்த குருக்கள் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்...

மங்களம்: எழுந்துக்காதேள்! இப்பத்தான் பாதி இறக்கைக்குப் பெயிண்ட் ஆயிருக்கு.

சாம்பமூர்த்தி: நான் எங்கே எழுந்துண்டேன்? டியூப் இறங்கறது. கூடவே நானும் இறங்கறேன்.

மங்களம்: ஐயோ... துப்பிடுத்து. பாத்தேளா?

சாம்பமூர்த்தி: எங்கே?

மங்களம்: இதோ. இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. இங்கேர்ந்து பாருங்கோ, வேர்க்குரு மாதிரி. காத்து ஜாஸ்தியா இருக்கறச்சே பெயிண்ட் நைஸா வரது. கம்மியானதும் பொட்டுப் பொட்டா விழறது.

சாம்பமூர்த்தி: தூர நின்னு பாத்தா தெரியலையே.

மங்களம்: மெட்ராஸ்காரா தூர நின்னா பாப்பா? போன தடவை நான் செஞ்ச விமானத்தை அந்த மேனேஜர் ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பாத்தாராமே. மரவேலை பிரமாதம், ஆனா பெயிண்ட்ல பிரஷ் கோடு தெரியறது, விமான டிக்கெட் விக்கற ஆபீஸ் மேஜை மேல இதை வெக்க முடியாதுன்னு உங்க அத்திம்பேர் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டார்.

சாம்பமூர்த்தி: இன்னொண்ணும் கேட்டாரே. அதைச் சொல்ல மாட்டியே.

மங்களம்: எதை?

சாம்பமூர்த்தி: "யார் சார் இந்த ஆசாரி?"ன்னு. ஆசாரி இல்லை சார், என் மச்சினன் ஆம்படையாள், குருக்கள் ஆத்து மாட்டுப்பொண்ணுன்னு அத்திம்பேர் சொன்னதும் மேனேஜர் விழுந்து விழுந்து சிரிச்சாராம்.

மங்களம்: சிரிக்கட்டும். சிரிச்சுட்டு என்ன சொன்னார்? "ஸ்ப்ரே அடிச்சு இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்கோ, நன்னா இருந்தா மாசாமாசம் வேலை தரேன்"னாரா இல்லையா? எனக்கு அது போறும்.

சாம்பமூர்த்தி: நல்லவேளை, பழைய இறக்கையில அடிச்சுப் பாத்தே. புது விமானத்துல இந்த வேர்க்குரு விழுந்திருந்தா?

மங்களம்: அதுக்குத்தானே பழசை உடைக்காம வெச்சிருந்தேன்.

சாம்பமூர்த்தி: சரி, துப்பினது டியூப் தப்பா, இந்த ஏர் பிரஷ் தப்பா? ஸ்டூடியோ சின்னசாமி ரெண்டு குடுத்திருக்காரே. ரெண்டுல எதை வெச்சுக்கப் போறே?

மங்களம்: அவர் பெரிசைத்தான் வெச்சுக்கச் சொன்னார். அடியில பாட்டில் இருக்கு பாருங்கோ, அது. ஒரே பட்டன். அமுக்கினா காத்தும் பெயிண்ட்டும் சேர்ந்தே வரும். முதல் முதலா வாங்கறவாளுக்கு அதுதான் சுலபமாம்.

சாம்பமூர்த்தி: அவர் போட்டோவுக்கெல்லாம் கலர் அடிக்கறவர். சொன்னா சரியாத்தான் இருக்கும்.

மங்களம்: அவருக்கு அவர் வேலை தெரியும். என் வேலை எனக்குத் தெரியும். இந்தச் சின்னதைப் பாருங்கோ, பேனா மாதிரி. பட்டனை அமுக்கினா காத்து மட்டும். பின்னாடி இழுத்தாத்தான் பெயிண்ட். கொஞ்சம் இழுத்தா மயிரிழை மாதிரி வரது. ஜாஸ்தி இழுத்தா ரெண்டு விரல் அகலத்துக்கு வரது.

சாம்பமூர்த்தி: ஒரே விரல்ல ரெண்டு வேலையா? பழகணுமே.

மங்களம்: நீங்க ஒரு கையில மணி, ஒரு கையில தீபாராதனைத் தட்டு, வாயில மந்திரம்... நடுவுல எந்த மிராசுதார் வந்து நிக்கறார்னு ஒரு கண்ணு வேற. எனக்கு ஒரு விரல் பழகாதா?

சாம்பமூர்த்தி: ஏய்... அந்தக் கண்ணு அர்ச்சனைத் தட்டு மேலதான் இருக்கும்.

மங்களம்: தெரியும் தெரியும். இந்த விமானம் நாலு எஞ்சின் வைக்கவுண்ட். மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரு நீலக் கோடு ஓடணும். மூக்கு கிட்ட ஊசியா ஆரம்பிச்சு, ஜன்னல் கிட்ட அகலமாகி, வால்ல ஏறணும். பெரிசால அடிச்சா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அது காத்தையும் குடம் குடமாக் குடிக்கறது. சின்னதுதான். முடிவு பண்ணியாச்சு. சாயந்திரம் கோயிலுக்குப் போறச்சே பெரிசை ஸ்டூடியோவுல குடுத்துடுங்கோ.

சாம்பமூர்த்தி: குடுத்துடறேன். காத்துக்கு என்ன வழி?

மங்களம்: டியூப் வேண்டாம்.

சாம்பமூர்த்தி: கரண்ட்ல ஓடற கம்ப்ரஸர் இருக்காமே மெட்ராஸ்ல...

மங்களம்: நம்ம ஆத்துக் கரண்ட்ல பல்பே செவசெவன்னுதான் எரியறது. அதுல கம்ப்ரஸரா?

சாம்பமூர்த்தி: அப்ப நம்ம கோயில் நாயனக்காரரைக் கூப்பிடலாம். மூச்சு விடாம ஊதறார்.

மங்களம்: ஊதுவார். பிடிச்ச ராகம் வந்தா கண்ணை மூடிண்டு இந்த விறகு ரூமே நீலமாகற வரைக்கும் ஊதுவார்.

சாம்பமூர்த்தி: கேலி இருக்கட்டும் மங்களம். டியூப்ல ஒரு சௌகரியம் இருக்கு.

மங்களம்: என்ன?

சாம்பமூர்த்தி: அதுல தோல் இல்லை.

மங்களம்: அதுக்கு என்ன இப்ப?

சாம்பமூர்த்தி: சைக்கிள் கடைக்காரன் அவன் பம்புல அடிச்சுக் குடுக்கறான். தோல் வெச்ச பம்ப் ஆத்துக்குள்ள வரதில்லை. அம்மாவுக்கு நாம பதில் சொல்ல வேண்டியதில்லை.

மங்களம்: காத்து இறங்கறப்பல்லாம் நீங்க தேரடித் தெருவுல டியூபை உருட்டிண்டு போவேளா?

சாம்பமூர்த்தி: இன்னிக்கு ஒரு தடவை போனதுக்கே பூக்கடை பொன்னி பிடிச்சுண்டா. "இன்னா சாமி, லாரி வாங்கப் போறீங்களா? ஒண்ணொண்ணா வாங்கி வீட்டாண்ட சேக்கறீங்களா?"ன்னா.

மங்களம்: நீங்க என்ன சொன்னேள்?

சாம்பமூர்த்தி: ஆமாம்மா, அடுத்த வாரம் ஸ்டியரிங் வருதுன்னேன்.

மங்களம்: சிரிச்சாச்சா? இப்ப அந்த விறகுக்குப் பின்னாடி ஒரு சாக்கு இருக்கும். அதை எடுங்கோ.

சாம்பமூர்த்தி: என்ன இது... கனமா இருக்கு... மங்களம்!

மங்களம்: மெதுவா. அம்மா இப்பத்தான் கூடத்துல சாஞ்சிருக்கா.

சாம்பமூர்த்தி: பெட்ரோமாக்ஸ் லைட்டுன்னா இது!

மங்களம்: லைட்டு இல்லை. டேங்க் மட்டும். கண்ணாடி, மேண்டில் எல்லாம் கழட்டியாச்சு. கிரசின் வாசனை போறதுக்குச் சீயக்காய் போட்டு அலம்பி வெயில்ல வெச்சேன். இதோ, ஏர் பிரஷ்ஷுக்குப் போற ரப்பர் குழாய். காத்து அடிக்கப் பம்ப் இருக்கு, அடிச்ச காத்து நிக்க டேங்க் இருக்கு, எவ்வளவு நிக்கறதுன்னு காட்ட முள்ளும் இருக்கு. நீங்க விடாம அடிச்சுண்டே இருக்கணும். டேங்க் நடுவுல இருக்கறதால சைக்கிள் பம்ப் மாதிரித் தும்மாது, ஒரே சீரா வரும்.

சாம்பமூர்த்தி: எப்ப கொண்டு வந்தே இதை?

மங்களம்: அதெல்லாம் அப்புறம்.

சாம்பமூர்த்தி: இந்தப் பம்புக்குள்ள...

மங்களம்: தோல் வாஷர்தான். தெரியும்.

சாம்பமூர்த்தி: தெரிஞ்சுமா? என் வாட்ச்சுக்கு நூல் பட்டை. பர்ஸ் துணி. செருப்பு வாசப்படிக்குக் கீழேயே நின்னுடும். இந்த ஆத்துக்குள்ள தோல்னு ஒண்ணு நுழைஞ்சதே இல்லைன்னு அம்மா மாட வீதி பூராச் சொல்லிண்டிருக்கா.

மங்களம்: கோயில்ல தவில் வாசிக்கறாளே, அது என்ன ரப்பரா?

சாம்பமூர்த்தி: அது சுவாமிக்கு. சுவாமிக்கு எதுவும் சரிப்படும். அம்மாவுக்குச் சரிப்படணுமே.

மங்களம்: முதல்ல இது வேலை செய்யறதான்னு பாக்கலாம். அடிங்கோ.

சாம்பமூர்த்தி: அடிக்கறேன்... என்னடி இது, கத்தரிக்காய்ல ஊசி ஏத்தற மாதிரி லேசாப் போறது?

மங்களம்: முள் நகரலை. இன்னும் அடிங்கோ.

சாம்பமூர்த்தி: கைதான் வலிக்கறது. முள் அசையலை. எங்கேயாவது ஓட்டையோ?

மங்களம்: சோப்புத் தண்ணி தடவியாச்சு. ஒரு குமிழ் வரலை. ஓட்டை இருந்தா காத்து போய்ட்டு வெளியில வரணும். இது உள்ளேயே போகலை. வாஷர்தான் காஞ்சிருக்கு. பம்பைக் கழட்டறேன், நகருங்கோ... ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ஊற வெச்சா உப்பிடும். எண்ணெய் ஊறுகாய் அலமாரியில இருக்கு.

சாம்பமூர்த்தி: அந்த அலமாரியைத் தொடாதே!

மங்களம்: நான் எங்கே தொட்டேன்? கல்யாணமாகி வந்த நாளா மடி, மடின்னு அந்தப் பக்கமே விட்டதில்லை உங்கம்மா. மாவடு பரிமாறுவா, எலுமிச்சங்காய் பரிமாறுவா. அந்தக் கோடியில ஒரு சின்ன ஜாடி இருக்கே... அதுல என்ன இருக்கு? ஒரு நாள் கூட அது இலையில விழுந்து நான் பாத்ததில்லை.

சாம்பமூர்த்தி: பழைய நார்த்தங்காயாம். பழசாக ஆக மருந்துன்னு சொல்லுவா. நானே தின்னதில்லை.

மங்களம்: யாருக்குமே வயித்து வலி வராத குடும்பம் போலிருக்கு... இதோ பாருங்கோ வாஷர். எண்ணெய் விட்டாலும் பிரயோஜனமில்லை. கீறல் விட்டுடுத்து.

சாம்பமூர்த்தி: நாளைக்குப் பாத்துக்கலாமே.

மங்களம்: நாளைக்கு முதல் பஸ்ல உங்க அத்திம்பேர் மெட்ராஸ் போறார். விமானம் அவர் கையில போகணும். நேத்து வரைக்கும் மழை. ஈரத்துல அடிச்சா வாழைப்பழ வாசனை அடிக்கற இந்த டூகோ பெயிண்ட் பாலேடு படிஞ்ச மாதிரி வெளுத்துப் போயிடறது. இன்னிக்குத்தான் வெயில் அடிக்கறது. நாளன்னிக்குக் கொடியேத்தம். அப்புறம் தீபம் முடியற வரைக்கும் உங்க சொந்தக்காரா எல்லாரும் இந்த ஆத்துலதான். இந்த விறகு ரூம்ல கூட யாராவது படுத்துண்டிருப்பா. அதெல்லாம் முடிஞ்சு நான் அனுப்பறதுக்குள்ள மேனேஜர் வேற ஆசாரியைப் பாத்துக்குவார்.

சாம்பமூர்த்தி: சரி, கோவிச்சுக்காதே.

மங்களம்: கோவம் இல்லை. கடையில போய் ஒரு வாஷர் வாங்கிண்டு வாங்கோ.

சாம்பமூர்த்தி: நானா? பஞ்சகச்சம் கட்டிண்டு தோல் குடுன்னு கடையில நிக்கறதா? டியூபுக்கே அந்தப் பேச்சு பேசினா.

மங்களம்: அப்ப நான் போறேன்.

சாம்பமூர்த்தி: நீ போயும் பிரயோஜனமில்லை. பெட்ரோமாக்ஸ் கடைக்காராள்ளாம் கடையைச் சாத்திட்டுக் கோயில்ல பந்தலுக்கு லைட்டு கட்டிண்டிருக்கா. காலையில பாத்தேன்.

மங்களம்: அப்ப ஒரே வழிதான். ஸ்டவ்.

சாம்பமூர்த்தி: எந்த ஸ்டவ்?

மங்களம்: நம்ம காபி ஸ்டவ். அதுவும் பம்ப் ஸ்டவ்தானே. அதுல இருக்கறதைக் கழட்டி இதுல போட்டுப் பாக்கறேன். நல்ல நிலைமையிலதான் இருக்கும். நீங்கதான் அப்பப்ப மாத்தறேளே.

சாம்பமூர்த்தி: எதை?

மங்களம்: வாஷரை.

சாம்பமூர்த்தி: நானா?

மங்களம்: என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? வந்த புதுசுலேயே எனக்குத் தெரியும். பொறந்தாத்துல ஸ்டவ்வைக் கழட்டிப் போட்டுப் பாத்தவ நான். உள்ள இருக்கறது தோல்னு தெரிஞ்சா அம்மா மனசு கஷ்டப்படும்னு நீங்க சத்தம் போடாம மாத்தறேள்னு நானும் சத்தம் போடாம இருந்தேன்.

சாம்பமூர்த்தி: மங்களம்... நான் மாத்தலை.

மங்களம்: விளையாடாதேள்.

சாம்பமூர்த்தி: அண்ணாமலையார் சத்தியமா. நீதான் மாத்தறேன்னு நினைச்சுண்டிருக்கேன் இத்தனை நாளா. உன்னை விட்டா இந்த ஆத்துல ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சவா யாரு? குருக்கள் ஆம்படையாள் தோலைத் தொட்டான்னு எனக்குத் தெரிஞ்சதாக் காட்டிண்டா உனக்குச் சங்கடம்னு... வாயைத் திறக்கலை.

மங்களம்: நான் அந்த ஸ்டவ்வைக் கழட்டினதே இல்லை.

சாம்பமூர்த்தி: ரிப்பேர்காரன் யாராவது?

மங்களம்: ஒருத்தனும் வந்ததில்லை. பக்கத்தாத்து ஸ்டவ் நாலு மாசத்துக்கு ஒரு தரம் மக்கர் பண்றது. நம்மது ஒரு நாள் கூடப் பண்ணலையே...

சாம்பமூர்த்தி: எல்லாம் சுவாமி கடாட்சம்.

மங்களம்: சுவாமி வந்து வாஷர் மாத்தறாரா?

அபீதகுஜாம்பாள்: சாம்பு... என்னடா சத்தம் அங்கே?

சாம்பமூர்த்தி: ஒண்ணுமில்லம்மா! விறகு அடுக்கிண்டிருக்கோம்!

அபீதகுஜாம்பாள்: விறகு புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடறதா?

சாம்பமூர்த்தி: ஈர விறகும்மா!

அபீதகுஜாம்பாள்: வாழைப்பழ வாசனை வேற தூக்கி அடிக்கறது.

சாம்பமூர்த்தி: கோயில் பழம்மா... கனிஞ்சு போச்சு!

அபீதகுஜாம்பாள்: கதவைத் திற.

சாம்பமூர்த்தி: மங்களம், சாக்கைப் போட்டு மூடு. சீக்கிரம்.

மங்களம்: மூடலை.

சாம்பமூர்த்தி: மங்களம்...

மங்களம்: கதவைத் திறங்கோ. மூடி மூடி வெச்சுண்டு எத்தனை விமானம் பண்றது?

சாம்பமூர்த்தி: வாம்மா... பாத்து வா, டியூப் கிடக்கு.

அபீதகுஜாம்பாள்: இது என்னடா?

சாம்பமூர்த்தி: தீபத்துக்கு எல்லாரும் வருவாளே. வெளிச்சம் போறாதுன்னு ஒரு லைட்டு...

அபீதகுஜாம்பாள்: தலையில்லாத லைட்டா?

மங்களம்: அம்மா, அது லைட்டு இல்லை. விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் காத்து வேணும். அதுக்கு நான் கொண்டு வந்தேன். இதோட பம்புல தோல் இருக்கு.

அபீதகுஜாம்பாள்: தோலா?

மங்களம்: இவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியாம விறகுக்குப் பின்னாடி வெச்சேன். அது தப்பு. தோல் ஆத்துக்குள்ள கூடாதுன்னா சொல்லுங்கோ, தேரடி ஓரமா உட்கார்ந்து அடிக்கறேன். ஊர் வேடிக்கை பாத்தாப் பாக்கட்டும். ஆனா அடிக்காம விடமாட்டேன்.

அபீதகுஜாம்பாள்: கத்தாதே. எனக்குக் காது நன்னாக் கேக்கறது... எங்கே அந்த விமானம்? காட்டு.

மங்களம்: இந்தாங்கோ.

அபீதகுஜாம்பாள்: வழவழன்னு இருக்கே. என்ன மரம்?

மங்களம்: கல்யாண முருங்கை. சாக்பீஸ் தூளும் கோந்தும் பூசித் தேய்ச்சேன். அதான் ரேகை தெரியலை.

அபீதகுஜாம்பாள்: ஓஹோ. கொல்லையில கல்யாண முருங்கை மொட்டையா நிக்கறதேன்னு கேட்டதுக்கு ஆடு தின்னுடுத்துன்னானே இவன்?

சாம்பமூர்த்தி: பாதி ஆடுதாம்மா...

அபீதகுஜாம்பாள்: நீ பேசாதே. இதுதான் திரும்பி வந்ததா?

மங்களம்: இல்லை. அது பழசு. இது இன்னும் போகவேயில்லை.

அபீதகுஜாம்பாள்: இதுவும் திரும்பி வந்தா?

மங்களம்: இன்னொண்ணு செய்வேன்.

அபீதகுஜாம்பாள்: அதுவும் வந்தா?

மங்களம்: இன்னொண்ணு.

அபீதகுஜாம்பாள்: மரம் ஒண்ணுதாண்டி இருக்கு கொல்லையில... சரி, வெயில் போறது. இன்னும் ஏன் அடிக்காம நின்னுண்டிருக்கேள்?

மங்களம்: வாஷர் கீறல் விட்டுடுத்தும்மா. காத்து ஏறலை. கடையும் சாத்தியிருக்கு.

சாம்பமூர்த்தி: அதான் ஸ்டவ்லேர்ந்து...

மங்களம்: உஷ்...

அபீதகுஜாம்பாள்: ஸ்டவ்வுக்கு என்ன?

சாம்பமூர்த்தி: ஒண்ணுமில்லம்மா. ஸ்டவ் நன்னா இருக்கான்னு பேசிண்டிருந்தோம்.

அபீதகுஜாம்பாள்: ஸ்டவ்வை யாராவது தொட்டேளோ, நாளைக்கு விடிகாலை முறைக்குக் காபி கிடையாது. வெறும் வயித்தோட போய் நில்லு சன்னதியில.

சாம்பமூர்த்தி: தொடலைம்மா.

அபீதகுஜாம்பாள்: நீ கிணத்தடிக்குப் போய்க் குளி.

சாம்பமூர்த்தி: சாயரட்சைக்கு இன்னும் நாழி இருக்கே?

அபீதகுஜாம்பாள்: நீ குருக்கள். சில பேச்சு உன் காதுல விழ வேண்டாம். போடா.

சாம்பமூர்த்தி: போறேன்... போயிட்டேன்.

அபீதகுஜாம்பாள்: போயிட்டானா?

மங்களம்: போயிட்டார்.

அபீதகுஜாம்பாள்: உள்ள போய் ஊறுகாய் அலமாரியைத் திற.

மங்களம்: நானா? தொடக் கூடாதுன்னு நீங்கதானேம்மா...

அபீதகுஜாம்பாள்: நான்தான் சொன்னேன். இப்பத் திறன்னும் நான்தான் சொல்றேன். கோடியில இருக்கே சின்ன ஜாடி, அதை எடுத்துண்டு வா.

மங்களம்: நார்த்தங்காயா? எனக்கு வயித்து வலி ஒண்ணும் இல்லையேம்மா...

சாம்பமூர்த்தி: அம்மா! கிணத்தடி வரைக்கும் எல்லாம் கேக்கறது!

அபீதகுஜாம்பாள்: கேட்டாக் கேட்டுக்கோ, தலையில தண்ணியைக் கொட்டிண்டா எல்லாம் சரியாப் போயிடும்! மங்களம், அந்த ஜாடியில என்னிக்குமே நார்த்தங்காய் இருந்ததில்லை. அதுல நல்லெண்ணெய்ல ஊறிண்டிருக்கறது வாஷர். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து மல்லாட்டை கொண்டு வராளே எல்லம்மா, அவ கடலை மூட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வந்து குடுப்பா. பெரிசாப் பாத்து ஒண்ணு எடுத்துக்கோ, ஸ்டவ்வுக்கு ஒண்ணு மிச்சம் வை... தோல்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா அந்த ஸ்டவ்வைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேளோன்னு பயந்துண்டு, இத்தனை வருஷமா சமையல் ரூம் கதவைச் சாத்திண்டு நான்தாண்டி மாத்திண்டிருக்கேன்.